முத்துக்குளிப்பில் தச்சர் கைவண்ணம்

அரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவன மூன்று. ஒன்று முத்து. மற்றொன்று போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை. மூன்றாவது, கடலோரத்து மண்மேட்டில் இடிந்து நிற்கும் 'டொரிக்' மாளிகை. ஊரவர் வழக்கில் அதற்கு அல்லிராணி கோட்டை என்று பெயர். பாடநூலாயினும் சுற்றுலாக் கையேடாயினும் இந்த மூன்றையும் சொல்லி முடித்துக்கொள்ளும். ஆனால் முத்துச் சிப்பி கடலடியிலிருந்து புறப்பட்டு ஒரு பெண்ணின் கழுத்துமாலையில் சேரும் வரை அதனைத் தாங்கிய பொருள் ஒன்றுண்டு. அதுவே மரம். அந்த மரத்தை வெட்டியும் குடைந்தும் கட்டியும் துளைத்தும் தந்த கைகளைப் பற்றியே இன்றைய உரை அமைகின்றது.

முதலில் இடத்தை நினைவிற் கொள்வோம். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்துக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அண்டியுள்ளது அரிப்பு. சிங்கள மக்கள் இவ்வாற்றை மல்வத்து ஓயா என்பர். கண்டி மன்னனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தம் தோழர் ஒருவருடன் இந்த ஆற்றின் போக்கைத் துணையாகக் கொண்டு காடு கடந்து வந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். அரிப்பிலிருந்து தெற்கே சென்றால் சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என ஊர்கள் தொடரும். இக்கரைக்கு எதிரேயுள்ள கடலில்தான் முத்துப் பார்கள் உள்ளன.

இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்வதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் ஒரு மாளிகை எழுப்பினார். செங்கல்லாற் கட்டிச் சாந்து பூசி, பண்டைய கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்களை நிறுத்தினார். இன்று அங்கே எஞ்சியிருப்பன சுவர்த் துண்டுகளும் தூண்களின் சிதைவுகளுமே. கூரையில்லை, கதவில்லை, நிலையில்லை, யன்னலில்லை. அதாவது தச்சன் செய்தது எதுவும் அங்கு இல்லை. கொத்தன் செய்ததில் ஒரு பகுதி இருக்கின்றது. இடிபாட்டைப் பார்த்து வரலாறு எழுதுவோர் கொத்தனையும் அவனுக்குக் கூலி கொடுத்த தேசாதிபதியையும் மட்டுமே காண நேர்வதற்கு இதுவே காரணம்.

'அரிப்பு' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பெயர் ஆராய்ச்சி நமது நோக்கமன்று. சொல்லின் பொருளே இங்கு வேண்டியது. கடல் கரையை அரிக்கும். கறையான் மரத்தை அரிக்கும். மணலிலிருந்து முத்தை மனிதர் அரித்தெடுப்பர். இந்த மூன்று வினைகளும் இந்த ஒரே கரையில் நிகழ்ந்துள்ளன. முதலாவது அரிப்பு மாளிகையைத் தின்றுகொண்டிருக்கின்றது. இரண்டாவது தச்சர் பணிகளைத் தடயமின்றித் தின்றுவிட்டது. மூன்றாவது நமது கையில் உள்ளது. பழைய பயணிகளின் குறிப்புகளைப் பொறுமையோடு அரித்தால், மறைந்த மரவேலைகள் சில நமக்குக் கிடைக்கும்.

அத்தகைய குறிப்புகளை விட்டுச் சென்றோர் இருவரை இங்கு குறிப்பிடலாம். ஒருவர் ஆங்கிலேயப் படையதிகாரியான றொபேட் பெர்சிவல். இவரது இலங்கை பற்றிய நூல் 1803இல் வெளிவந்தது. மற்றவர் கிறிஸ்தவ மதகுருவான ஜேம்ஸ் கோர்டினர். இவரது நூல் 1807இல் வெளிவந்தது. இருவருமே முத்தின் விலையைப் பற்றியும் வருவாயைப் பற்றியும் எழுதுகின்றனர். ஆயினும் கண்ணில் பட்ட கருவிகளையும் அளவு தவறாமல் எழுதி வைத்தனர். அந்த அளவுகளே இன்று நமக்குப் பெருஞ்செல்வம்.

முத்துக்குளிப்பு நடைபெறுவது மாசி, பங்குனி, சித்திரையை ஒட்டிய சில வாரங்களிலேயாகும். இரு பருவக்காற்றுக்களுக்கும் இடையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. அப்போது வெறும் மணல்வெளியில் ஒரு நகரம் முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரை முதலிய எதிர்க்கரை ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகளும் வணிகரும் வந்து குவிவர். கம்புகளை நட்டு, ஓலை வேய்ந்து, கடைத்தெருவும் குடியிருப்பும் காவல் நிலையமும் எழும். 1906இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் அரசாங்க அலுவலராகப் பணிபுரிந்தவர்களுள் லெனாட் வூல்ப் ஒருவர். பின்னாளில் ஆங்கில எழுத்துலகில் பெயர் பெற்ற அவர், 'கொட்டு' எனப்பட்ட வேலியடைத்த களத்தில் சிப்பிக் குவியல்களைப் பங்கிடும் பொறுப்பில் இருந்தார். குவியல் மூன்றாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று சுழியோடிக்கு. அந்தக் களமும் வேலியும் பந்தலும் எல்லாம் மரமும் ஓலையுமே. பருவம் முடிந்ததும் நகரம் மறைந்துவிடும். நட்ட கம்பு பிடுங்கப்பட்டு வேறொரு வீட்டின் வளையாகும், அல்லது அடுப்புக்குப் போகும். மரத்தின் வரலாறு மறைவதற்குக் கறையான் மட்டும் காரணமல்ல. மரம் பயன் தீரும் வரை மனிதரோடு நடந்துகொண்டேயிருக்கும் பொருள்.

இனி மூன்று மரவேலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, படகின் புறத்தே கட்டப்பட்ட சாரம். பெர்சிவல் தரும் கணக்கின்படி படகொன்றில் தண்டலைத் தவிர இருபது பேர் இருப்பர். பத்துப் பேர் சுழியோடிகள். பத்துப் பேர் தண்டு வலிப்பவரும் கயிறு இழுப்பவருமாவர். சுழியோடிகள் ஐவர் ஐவராக மாறி மாறி இறங்குவர். ஆகவே ஒரு படகுக்கு ஐந்து குளிகற்கள். கோர்டினர் கண்ட கல் ஒவ்வொன்றும் 56 இறாத்தல் எடையுள்ளது, கூம்பு வடிவினது, தலையில் துளையுடையது. அத்துளையினூடே செல்லும் கயிற்றில், கால் வைப்பதற்கு ஏற்ற ஒரு கண்ணி. ஐந்து கல்லும் சேர்ந்தால் 280 இறாத்தல். இன்றைய அளவில் ஏறத்தாழ 127 கிலோ.

இந்தப் பாரத்தைப் படகின் விளிம்பிலேயே தொங்கவிட்டால் கயிறு பலகையோடு உராயும். மூழ்கி எழும் மனிதன் படகில் மோதுவான். ஆகவே பாரம் படகுக்கு வெளியே, நீருக்கு நேர் மேலே தொங்கவேண்டும். அதற்காகத் தனியே ஒரு சட்டகம் செய்து அவர்கள் கொண்டுவரவில்லை. படகில் இருக்கும் தண்டுகளையே எடுத்து, வேறு சில மரத்துண்டுகளையும் சேர்த்துக் கயிற்றாற் கட்டி, இருபுறமும் நீண்டு நிற்கும் ஒரு சாரம் அமைத்தனர். ஒரு பக்கத்தில் மூன்று கல், மறுபக்கத்தில் இரண்டு கல். சாரத்தில் இருக்கும் கல், இழுத்தால் அவிழும் முடிச்சொன்றினால் கட்டப்பட்டிருக்கும். சுழியோடி ஆயத்தமானதும் முடிச்சு அவிழும். கல் அவனைக் கடலடிக்கு இட்டுச் செல்லும்.

இதில் அடங்கியுள்ள தச்சறிவைக் கவனியுங்கள். ஆணி அடித்த சட்டகம் அலையின் அசைவுக்கு ஈடுகொடாது. ஆணித்துளை நாளடைவில் அகன்றுவிடும். கயிற்றுக் கட்டோ சற்று நெகிழ்ந்து கொடுத்து மீண்டும் இறுகும். இன்னொன்று, நண்பகலில் வேலை முடிந்து கரை திரும்பும்போது சாரம் மீண்டும் தண்டாக வேண்டும். துளையிட்ட தண்டு வலிமை குன்றிவிடும். கட்டிய தண்டுக்கு ஒரு குறையும் வராது. ஒரே மரம் காலையில் தண்டு, பகலில் சாரம், மாலையில் மீண்டும் தண்டு. சிறிய இடத்தில் வேலை செய்யும் எவரும் மனங்கொள்ள வேண்டிய பாடம் இது. வீட்டில் ஒரு மூலையைப் பட்டறையாக வைத்திருப்பவருக்கு, இரு முக்காலிகளும் ஒரு பலகையும் கயிறுமே போதும்; தேவைக்கு மேசையாகும், தேவை முடிந்ததும் சுவரோரம் சாயும்.

இரண்டாவது மரவேலை, சிப்பி கழுவும் தோணி. சிப்பியைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறந்து முத்தெடுத்தல் பெருவணிகருக்குக் கட்டுபடியாகாது. குவியலாகப் போட்டு அழுகவிடுவர். தசை அழுகிப் புழுத்த பின்னர் அதனைக் கடல்நீரில் கழுவி, ஓட்டை எறிந்து, அடியில் தங்கும் கசடை உலர்த்தி அரித்து முத்தெடுப்பர். இந்தக் கழுவும் தொட்டி, மரத்தைக் குடைந்து செய்த வள்ளமாகும். ஆங்கிலேயர் குறிப்புகளில் இது 'பல்லம்' என்று திரிந்து வழங்குகின்றது. நமது 'வள்ளம்' என்ற சொல்லே அவ்வாறு அவர்கள் நாவில் திரிந்தது என்பதை ஊகித்தறிதல் எளிது. கழுவுவோர் இருமருங்கிலும் இருப்பர். அவர்கள் கை வாய்க்குச் செல்லாதபடி காவலாளர் பார்த்துக்கொண்டிருப்பர்.

தொட்டி வேண்டுமானால் பலகை பொருத்தியும் செய்திருக்கலாம். ஏன் குடைந்த மரம்? பலகைத் தொட்டியில் மூட்டு இருக்கும். மூட்டில் இடுக்கு இருக்கும். கடுகளவு முத்து ஒன்று அந்த இடுக்கில் புகுந்துகொண்டால் அது போனது போனதுதான். குடைந்த வள்ளத்திலோ மூட்டே இல்லை. உட்புறம் வளைந்து வழவழப்பாக இருக்கும். கனமானதெல்லாம் தானே அடிநோக்கி இறங்கும். முத்தும் மணலும் அங்கே சேரும். மரத்தில் மூட்டுப் போடத் தெரிவது தச்சனின் திறமை. எங்கே மூட்டுப் போடக்கூடாது என்று தெரிவது அதனினும் மேலான திறமை எனலாம்.

இத்தகைய குடைவு வள்ளங்கள் பலவும் மலையாளக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டன. அவ்வளவு பருத்த, நீண்ட அடிமரம் நமது வறண்ட கரையில் கிடைப்பதரிது. மன்னாருக்குப் பெயர் தேடித்தந்த பெருக்கமரம் பருமனில் யானையை ஒத்தது. ஆயினும் பஞ்சுபோன்ற அதன் மரம் தச்சனுக்குப் பயன்படாது. இக்கரைத் தச்சன் நம்பியிருந்தவை பாலை, முதிரை, வேம்பு, பூவரசு, பனை ஆகியனவே. வளைந்து வளர்ந்த பூவரசங் கிளையை வளைவான உறுப்புக்கென்றே தேர்ந்தெடுப்பது நமது படகுத் தச்சர் மரபு. நேர்மரத்தை அறுத்து வளைவு செய்தால் நார் அறுபட்டு மரம் அவ்விடத்தில் முறியும். இயற்கையில் வளைந்த கிளையிலோ நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடும்.

மூன்றாவது மரவேலையே இவ்வுரையின் உயிர்நாடி. அது முத்துத் துளைக்கும் பீடம்.

துளையில்லாத முத்து மாலையில் ஏறாது. ஆனால் முத்தைத் துளைத்தல் எளிதன்று. அது உருண்டையானது, கைக்குள் நில்லாது. வழவழப்பானது, முனை வழுக்கும். மெல்லிய அடுக்குகளால் ஆனது. மிகுதியாக அழுத்தினால் விளிம்பு பிளக்கும். துளைக்கும்போது எழும் சூடும் அதற்குப் பகை. இத்தனை இடர்களையும் நம் கைவினைஞன் எதைக்கொண்டு வென்றான்? பெர்சிவல் அதனை அளவோடு எழுதியுள்ளார். தலைகீழாக நிறுத்திய மொட்டைக் கூம்பு வடிவில் ஒரு மரக்கட்டை. அதன் உயரம் ஏறக்குறைய 6 அங்குலம், அகலம் 4 அங்குலம். அதனைத் தாங்கும் மூன்று கால்கள், ஒவ்வொன்றும் 12 அங்குலம். கட்டையின் தட்டையான மேற்பரப்பில் சிறு சிறு குழிகள். பெரிய முத்துகள் அக்குழிகளில் அமர்த்தப்படும். சிறியவை ஒரு சிறு மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கப்படும்.

துளைக்கும் கருவி வில்லினால் சுழலும் ஒரு கதிர். கதிரின் மேல்நுனி ஒரு மரத்தலைக்குள் சுழலும். அத்தலையை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பர். அருகே சிரட்டையில் நீர் இருக்கும். வில்லிழுக்கும் அதே வலக்கையின் சின்னிவிரலை நீரில் தோய்த்து முத்தின்மேல் சொட்டவிடுவர். வேலை தடைப்படாமலே இது நடந்தேறும் விரைவைக் கண்டு அந்தப் படையதிகாரி வியந்திருக்கின்றார்.

ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் அவர் வியந்தது பொருத்தமே என்பது விளங்கும். மூன்று கால் ஏன்? நான்கு கால் உள்ள பீடம் மேடுபள்ளமான தரையில் ஆடும்; மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. மணற்றரையில் இருந்து வேலை செய்பவனுக்கு இது முதல் தேவை. பிடிப்பதற்கு இரும்பு ஏன் இல்லை? இரும்பு முத்தைக் கீறும். மரமோ தட்டும்போது சற்று அமுங்கி முத்தின் வடிவுக்குத் தன்னை இசைத்துக்கொள்ளும். சிறு முத்து தன் படுக்கையைத் தானே மரத்தில் செதுக்கிக்கொள்கிறது என்றும் சொல்லலாம். பற்றிப் பிடிக்கும் வேலையைக் கட்டை ஏற்றுக்கொண்டதனால் இரண்டு கைகளும் துளைக்கும் வேலைக்கு விடுதலை பெற்றன. அதிலும் ஒரு விரல் மீந்தது. அது நீர் வார்க்கும் பணியை ஏற்றது.

வீட்டில் மரவேலை செய்வோர் இன்றும் தடுமாறும் இடம் இதுவே. உருண்டையான பொருளில் நேராகத் துளையிட முடியவில்லை என்பர். துளைக்கருவியைக் குறை சொல்வர். குறை கருவியில் இல்லை, பிடியில் உள்ளது. ஒரு மரத்துண்டில் பொருளின் அளவுக்குச் சற்றுக் குறைவான குழி செய்து, அதில் பொருளை இறுக்கிவிட்டால் போதும். நீண்ட உருளைக் கம்பாயின், கட்டையின் மேல் கூரையைக் கவிழ்த்ததுபோன்ற ஒரு பள்ளம் வெட்டி அதில் கிடத்தலாம். முன்னூறு ரூபாய்ப் பொருளுக்கு மூவாயிரம் ரூபாய்க் கவ்வி வாங்குவதிலும் இது மேலானது.

துளைக்கும் கருவிக்கு நம் தச்சர் வைத்த பெயர் துறப்பணம். வில்லினால் சுழல்வது வில்லுத் துறப்பணம். முத்துத் துளைப்பவன் கையிலிருந்ததும் படகுப் பலகையில் ஆணித்துளை போட்டவன் கையிலிருந்ததும் உறவுக் கருவிகளே; பருமனில்தான் வேறுபாடு. இது நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில், கிறிஸ்துவுக்கு முன் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அமைச்சரான றெக்மிரே என்பாரின் கல்லறைச் சுவரோவியங்களில், மரத்தைத் துளைக்கும் தச்சனும் மணியைத் துளைப்பவனும் வில்லுத் துறப்பணத்தோடு காட்சி தருகின்றனர். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனித குலம் கைவிடாத கருவி அரிப்புக் கரையிலும் சுழன்றது.

அதனைச் செய்வது கடினமன்று; பாடசாலை மாணவன் ஒருவனும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். வைரமுள்ள மரத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு உருண்டையாக ஒரு கதிர் சீவிக்கொள்ள வேண்டும். அதன் கீழ்நுனியில் ஓர் இரும்பு முனையை இறுக்க வேண்டும். ஆணியொன்றின் தலையை வெட்டி, நுனியை இலைபோலத் தட்டையாக அடித்து, இருபுறமும் அரத்தால் கூராக்கினால் முனை ஆயத்தம். இருபுறமும் கூராக்குவதற்குக் காரணமுண்டு. வில் முன்னே போகையில் கதிர் ஒரு திசையிலும் பின்னே வருகையில் எதிர்த்திசையிலும் சுழலும். ஆகவே முனை இருதிசையிலும் வெட்டவேண்டும். இன்று கடையில் விற்கும் முறுக்கு முனைகள் ஒரு திசையில் மட்டுமே வெட்டுவன. அவை இதற்கு உதவா. கதிரின் மேல்நுனிக்குச் சிறு குழியுள்ள ஒரு கட்டை அல்லது தடித்த சிரட்டைத் துண்டு. குழியில் ஒரு துளி தேங்காயெண்ணெய். ஒரு முழக் கம்பில் கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, கதிரை அதில் ஒரு சுற்றுச் சுற்றினால் கயிறு தானே இறுகும். வில்லின் முழு நீளத்தையும் பயன்படுத்தி ஆறுதலாக இழுக்க வேண்டும். அவ்வப்போது முனையை வெளியே எடுத்துத் தூளை ஊதிவிட வேண்டும். அவசரப்படுகிறவனுக்கு இந்தக் கருவி வசப்படாது.

மின்சாரத் துளைகருவி இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று சிலர் வினவலாம். 1990களில் வடபகுதி மக்கள் மின்சாரமின்றி வாழ்ந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. சுழற்சியைக் கையினால் பெறும் அறிவு எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நமது வீட்டுத் தளபாடங்களின் பெயர்களைப் பாருங்கள்: கதிரை, வாங்கு, அலுமாரி, யன்னல். இவை போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். அவர்கள் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இக்கரையில் இருந்தவர்கள். ஆனால் அந்தக் கதிரையையும் அலுமாரியையும் செய்த கருவிகளின் பெயர்கள் எவை? உளி, வாள், அரம், துறப்பணம். பொருளின் பெயர் கடல் கடந்து வந்தது. செய்த கருவியின் பெயர் இங்கேயே இருந்தது. புதிதாக வந்தவர் தமக்கு வேண்டிய பொருளைக் காட்டினர். நம் தச்சன் அதைப் பார்த்து, தன் உளியை எடுத்து, தன் முறையில் செய்து கொடுத்தான். இந்த வரலாற்றை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை. சொற்கள் எழுதி வைத்திருக்கின்றன.

தச்சனுக்கு நம் இலக்கியம் உரிய இடம் தந்தே வந்துள்ளது. அதியமானின் பெருமையைச் சொல்லவந்த ஒளவையார் உவமை தேடித் தச்சனின் பட்டறைக்கே செல்கின்றார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒரே தேர்ச் சக்கரத்துக்கு அம்மன்னனை ஒப்பிடும் பாடல் புறநானூற்றில் உள்ளது. அரசனின் பெயர் நமக்குத் தெரியும். புலவரின் பெயரும் தெரியும். உவமையான தச்சனுக்குப் பெயரில்லை. அரிப்பின் முத்துப்பீடத்தைச் செய்தவனுக்கும் அதுவே கதி.

பெயர் இல்லாமற் போனாலும் வேலையின் பெறுமதியை உணர்ந்த ஒருவரை இங்கு சொல்லத்தான் வேண்டும். 1902இல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் முத்துப் பார்களை ஆராய இலங்கைக்கு வந்தபோது அவருடைய உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். சிப்பியைப் பற்றி ஆராய வந்த இவரின் கண் சிப்பியை ஏற்றிவந்த படகுகளின் மேல் விழுந்தது. பின்னர் சென்னை மாகாண மீன்பிடித் துறையில் பணியாற்றிய அவர், 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி ஆராய்ந்து எழுதினார். 1946இல் உலக நீர்வழி ஊர்திகள் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். முத்தைத் தேடி வந்தவர் மரத்தைக் கண்டுகொண்டார்.

அதே காலப்பகுதியில் வல்வெட்டித்துறைக் கம்மாலைகளில் உருவான பாய்க்கப்பல் ஒன்றையும் மறத்தலாகாது. அன்னபூரணி என்ற அக்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது கடல்கள் பல கடந்து 1938இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சென்று சேர்ந்தபோது அதன் பெயர் புளோரன்ஸ் சி. றொபின்சன், வாங்கியவரின் மனைவி பெயர். நம் தச்சர் கடைந்து பூட்டிய மரம் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டியது. இட்ட பெயர்தான் நிலைக்கவில்லை.

அரிப்புக் கரையின் பெரும் முத்துக்குளிப்புக் காலமும் நிலைக்கவில்லை. 1905ஆம் ஆண்டுப் பருவம் வருவாயில் உச்சம் தொட்டது. 1906இல் பார்கள் தனியார் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் சிப்பிகள் அருகின. 1925ஆம் ஆண்டோடு இக்கரையின் பெருமுத்துக்குளிப்பு முடிவுக்கு வந்தது. சாரம் கட்டிய தண்டுகள் மீன்பிடிக்குத் திரும்பின. கழுவிய வள்ளங்கள் உக்கிப்போயின. துளைக்கும் பீடங்கள் எங்கே போயின என்று கேட்பாரில்லை.

பின்னர் போர் வந்தது. 1990 ஒக்டோபரில் இப்பகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2007இல் சிலாவத்துறைப் பகுதியில் நிகழ்ந்த படை நடவடிக்கையின்போது அரிப்பு மக்களும் இடம்பெயர்ந்தனர். வடபுலத்தில் எந்த ஊருக்குத் திரும்பியவரும் சொல்லும் செய்தி ஒன்று பொதுவானது: சுவர் இருந்தது, கதவும் நிலையும் யன்னலும் இல்லை. டொரிக் மாளிகைக்கு இருநூறு ஆண்டுகளில் நேர்ந்தது நம் வீடுகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் நேர்ந்தது. மீண்டு வந்த குடும்பம் முதலில் தேடியது தச்சனைத்தான். கதவில்லாத வீட்டில் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தத் தாய் உறங்குவாள்? உளியையும் வாளையும் கையாளத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்த குடும்பங்கள், பலகை கிடைத்த அன்றே கதவு பூட்டிக்கொண்டன. வீட்டுப் பட்டறையை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்று மாணவரிடம் 'துறப்பணம்' என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே விழிக்கின்றது. வாய்ச்சி என்றாலும் அவ்வாறே. கருவி வழக்கிழந்தால் சொல் வழக்கிழக்கும். சொல் வழக்கிழந்தால் அந்தக் கருவியைக் கையாண்ட அறிவைக் கேட்டறிவதற்கும் வழியில்லாது போகும். கல்லில் எழுதியதைப் பேணத் தொல்பொருள் திணைக்களம் உண்டு. மரத்தில் எழுதியதைப் பேண நம் நாவும் கையுமே உண்டு.

ஆகவே, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவரை அல்லிராணி கோட்டையைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்னர் உங்கள் ஊரிலுள்ள முதிய தச்சர் ஒருவரின் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சுவரில் தொங்கும் கருவிகளுக்கு அவர் சொல்லும் பெயர்களை ஒன்று விடாமல் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பெயரோடு அளவையும் எழுதட்டும். மரம் எது என்பதையும் எழுதட்டும். பெர்சிவல் செய்தது அவ்வளவுதான். அந்த ஆறு அங்குலம், நான்கு அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்ற மூன்று எண்கள் இருப்பதனால், முத்துத் துளைக்கும் பீடத்தை இன்றும் ஒரு மாணவன் வீட்டு முற்றத்தில் இருந்து செய்து பார்க்கலாம். முத்து வேண்டாம், ஒரு மஞ்சாடி விதையே போதும். குழியில் அதை வைத்து மெல்லத் தட்டி இறுக்கிவிட்டு, வில்லை இழுக்கத் தொடங்கட்டும்.